அழுத்தியது தெரியும், விட்டது தெரியுமா?

என் டெஸ்க்டாப்பில் கண்ட்ரோலையும் எஃப்2வையும் சேர்த்து அழுத்தினால் அடுத்த பணியிடம் வரும். தொலைவிலுள்ள இன்னொரு கணினியின் திரையை ஒரு சாளரத்தில் திறந்துவைத்து எழுதிக்கொண்டிருக்கும்போது, இடையில் இப்படி அடுத்த பணியிடத்துக்குப் போய் வேறு வேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், சில நேரங்களில் அந்தத் தொலைக்கணினியில் ஒரு சொல்லைக்கூட எழுத முடிவதில்லை. தமிழ்99 தளக்கோலத்தில் ‘நீங்கள்’ என்று எழுதத் தொடங்குகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் விசை, அரைப்புள்ளியின் இடத்தில் இருக்கும் ந. அதை அழுத்தினால் திரையில் ஒன்றும் விழுவதில்லை. இரண்டாவது விசை, ஆங்கிலத்தில் டபிள்யூ இருக்கும் இடத்திலுள்ள ஈ. அதைத் தொட்டதும் உலாவியின் தாவல் மூடிக்கொள்கிறது. என் விரல் கண்ட்ரோலின் பக்கமே போகவில்லை. ஆனால் அந்தக் கணினியைப் பொறுத்தவரை, பணியிடம் மாறுவதற்காக நான் முன்பு அழுத்திய கண்ட்ரோல் இன்னும் அழுத்தியபடியே இருக்கிறது. அழுத்திய செய்தி அங்கே போய்ச் சேர்ந்தது. எஃப்2வை உள்ளூரின் சாளர மேலாளர் தன்வசம் எடுத்துக்கொண்டு பணியிடத்தை மாற்றிவிட்டது. நான் விரலை எடுத்த கணத்தில் தொலைக்கணினியின் சாளரம் முன்னால் இல்லாததால், விட்ட செய்தி வேறெங்கோ போயிற்று.

இதற்கான கைவைத்தியம் பலருக்கும் தெரிந்ததுதான். இடப்பக்கக் கண்ட்ரோலை ஒருமுறை தட்டி எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும். வலப்பக்கக் கண்ட்ரோலைத் தட்டினால் பலன் இருக்காது, ஏனென்றால் அவை இரண்டும் தனித்தனி விசைகளாகவே கணக்கில் இருக்கின்றன. மாட்டிக்கொண்டது எதுவோ அதைத்தான் விடுவிக்க வேண்டும். எது மாட்டிக்கொண்டது என்று தெரியாததால் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட் என்று இருபக்கமும் வரிசையாகத் தட்டிப் பார்ப்பது என் கைகளுக்குப் பழகிப்போன சடங்காகிவிட்டது. அந்தச் சடங்கின் நடுவேதான் ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. மற்ற விசைகளின் செயலை மாற்றும் இந்த மாற்றி விசைகளில் எது இப்போது அழுத்தப்பட்டிருக்கிறது என்பதைத் திரையின் மூலையில் ஒரு சிறு குறியாகக் காட்டினால் போதுமே, அதற்கு ஏன் லினக்ஸ் டெஸ்க்டாப்பில் ஒரு நேரான வழி இல்லை? பத்து வரியில் எழுதிவிடலாம் என்று நினைக்கத் தூண்டும் வேலை இது. ஆனால் அந்தக் குறி யாருடைய கணக்கைக் காட்ட வேண்டும் என்று கேட்டுவிட்டால், பத்து வரி போதாது.

விசைப்பலகை சொல்வதும் கெர்னல் சொல்வதும்

யூஎஸ்பி விசைப்பலகையின் மிக எளிய வடிவம் ஒவ்வொரு முறையும் 8 பைட் அளவுள்ள ஓர் அறிக்கையை அனுப்புகிறது. அதன் முதல் பைட் முழுவதும் மாற்றி விசைகளுக்கே உரியது: இடக் கண்ட்ரோல், இட ஷிஃப்ட், இட ஆல்ட், இட சூப்பர் (விண்டோஸ் சின்னமுள்ள விசை), பிறகு அதே வரிசையில் வலப்பக்கத்து நான்கு. ஆளுக்கொரு பிட். இரண்டாவது பைட் பயனின்றி ஒதுக்கப்பட்டது. மீதி ஆறும் அப்போது அழுத்தப்பட்டிருக்கும் மற்ற விசைகளுக்கானவை. அதாவது, என்ன மாறியது என்பதை இந்த விசைப்பலகை சொல்வதில்லை. இந்தக் கணத்தில் என்ன நிலை என்பதை முழுமையாகச் சொல்கிறது. ஓர் அறிக்கை எப்படியோ தவறிப்போனாலும் அடுத்த அறிக்கை வந்ததும் எல்லாம் நேராகிவிடும். பழைய பிசி விசைப்பலகையின் முறை இதற்கு நேர்மாறானது. அதில் இட ஷிஃப்டை அழுத்தினால் 42 என்ற எண் வரும், விட்டால் அதனுடன் 128 கூட்டிய 170 வரும். அந்த 170 வழியில் தொலைந்தால் ஷிஃப்ட் அழுத்தியபடியே நின்றுவிடும், மறுபடி அதே விசையைத் தட்டும்வரை. மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டில் ஒவ்வொரு வரவையும் எழுதிக்கொண்டே போவதற்கும், ஒவ்வொரு நாளும் நிலுவையை மட்டும் எழுதிவைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. முன்னதில் ஒரு வரி விடுபட்டால் மாதக் கடைசிவரை தப்பு தொடரும்.

வேடிக்கை என்னவென்றால், நிலையை முழுமையாகச் சொல்லும் யூஎஸ்பி விசைப்பலகையின் அறிக்கையை இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல் மறுபடியும் நிகழ்வுகளாக உடைத்துத்தான் மேலே அனுப்புகிறது. முந்தைய அறிக்கையையும் புதியதையும் ஒப்பிட்டு, எந்த விசை புதிதாக அழுத்தப்பட்டது, எது விடப்பட்டது என்று கண்டு, எவ்டெவ் என்ற இடைமுகத்தின் வழியே அழுத்தலுக்கு 1, விடுதலுக்கு 0, அழுத்தியபடியே இருந்து மீண்டும் மீண்டும் வருவதற்கு 2 என்று செய்தி விடுகிறது. இன்று வாங்கிய யூஎஸ்பி விசைப்பலகையில் இட ஷிஃப்டை அழுத்தினாலும் கெர்னல் சொல்லும் எண் 42தான். அந்தப் பழைய விசைப்பலகையின் எண் இவ்வளவு காலம் கழித்தும் அங்கே குடியிருக்கிறது. சாளரங்களைத் திரையில் காட்டி, விசைகளை அவற்றுக்குப் பகிர்ந்தளிக்கும் எக்ஸ் சர்வருக்குப் போகும்போது அதனுடன் 8 கூடி 50 ஆகிறது, ஏனெனில் எக்ஸ் நெறிமுறையில் விசையெண்கள் 8இலிருந்துதான் தொடங்கும். இட கண்ட்ரோல் 29, எக்ஸில் 37. சூப்பர் 125, எக்ஸில் 133.

கெர்னலை எழுதியவர்கள் நிகழ்வுகளை மட்டும் நம்பச் சொல்லவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு விசைப்பலகையின் சாதனக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல், இந்த நொடியில் எந்தெந்த விசைகள் அழுத்தப்பட்டுள்ளன என்ற முழு வரைபடத்தையும் ஒரே அழைப்பில் கேட்டு வாங்கலாம். அதைவிட முக்கியமாக, நிகழ்வுகளைப் படிக்கும் நிரல் தாமதித்து, இடைக்கிடங்கு நிரம்பி வழிந்தால், படிக்கப்படாதவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு ‘சின் டிராப்டு’ என்றொரு சிறப்பு நிகழ்வைக் கெர்னல் அங்கே வைக்கிறது. அதற்குப் பொருள், நீ இதுவரை எண்ணிவைத்த கணக்கு இனி செல்லாது, முழு நிலையையும் கேட்டுத் தெரிந்துகொள் என்பதுதான். விசைகளை அழுத்தியபடியே விசைப்பலகையைப் பிடுங்கினால்கூட, அப்போது அழுத்தப்பட்டிருந்த விசைகள் அனைத்துக்கும் கெர்னல் தானே விடுதல் நிகழ்வுகளை உண்டாக்கி அனுப்பிவிடும். இந்த அடுக்கில் நான் குறை காண ஏதுமில்லை.

எட்டு பிட்டுகள்

எக்ஸ் நெறிமுறையின் பதினோராம் பதிப்பு வந்தது 1987இல். அதில் மாற்றிகள் எட்டு: ஷிஃப்ட், லாக், கண்ட்ரோல், அப்புறம் மாட்1 முதல் மாட்5 வரை பெயரில்லாத ஐந்து. வழக்கமான லினக்ஸ் அமைப்பில் மாட்1 ஆல்ட்டுக்கும், மாட்2 எண்விசைகளுக்கான நம் லாக்குக்கும் (Num Lock), மாட்4 சூப்பருக்கும், மாட்5 வலப்பக்க ஆல்ட்டைக் கொண்டு மூன்றாம் அடுக்கு எழுத்துகளைப் பெறுவதற்கும் போய்விடுகின்றன. ஒவ்வொரு விசை நிகழ்வோடும் இந்த எட்டு பிட்டுகளும் நிலை என்ற பெயரில் கூடவே வரும். ஆகவே கண்ட்ரோல் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று நிரல் தனியாக நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை. எழுத்தோடு சேர்ந்து வரும் எண்ணைப் பார்த்தால் போதும்.

இதை எக்ஸ்இவி என்ற சிறு நிரலைக் கொண்டு கண்ணெதிரே பார்க்கலாம். நம் லாக் எரிந்துகொண்டிருக்கும்போது இட ஷிஃப்டை மட்டும் அழுத்தினால், அழுத்தல் நிகழ்வில் வரும் நிலை, பதின்ம எண்ணில் சொன்னால், 16. அதாவது நம் லாக் மட்டும். ஷிஃப்டின் பிட் அதில் இல்லை. விரலை எடுத்ததும் வரும் விடுதல் நிகழ்விலோ நிலை 17. ஷிஃப்ட் அழுத்தப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. முதன்முறை பார்ப்பவர் நிரலில் பிழை என்றே எண்ணுவார். நிகழ்வு நடப்பதற்குச் சற்று முன்பு இருந்த நிலையைத்தான் எக்ஸ் சர்வர் அனுப்பும் என்பது நெறிமுறையின் விதி. எழுத்துகளைத் தட்டச்சிடுவதற்கு இந்த விதி மிகப் பொருத்தமானது. மாற்றி விசைகளையே கண்காணிக்க விரும்புபவருக்கோ இது எப்போதும் ஓரடி பின்தங்கிய செய்தி.

இந்த எண்ணுக்குள் இன்னும் சில விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. 1996இல் எக்ஸ்கேபி என்ற நீட்டிப்பு வந்து, மாற்றியின் நிலையை மூன்றாகப் பிரித்தது: விரலால் அழுத்திப் பிடித்திருப்பது, அடுத்த ஒரு விசைக்கு மட்டும் செல்லுபடியாகும்படி கொக்கியிட்டது, மறுபடி தட்டும்வரை பூட்டி வைத்தது. இந்த மூன்றையும் சேர்த்தே பழைய எட்டு பிட்டுகளுக்குள் திணிப்பதால், நிகழ்வை மட்டும் பெறும் நிரலுக்கு ஷிஃப்ட் விரலடியில் இருக்கிறதா, பூட்டப்பட்டிருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. தளக்கோலமும் இதே எண்ணில்தான் போய் அமர்ந்தது. எக்ஸ்கேபியில் ஆங்கிலத்தை முதல் தளக்கோலமாகவும் தமிழை இரண்டாவதாகவும் வைத்திருப்பவர் தமிழுக்கு மாறியதும் எக்ஸ்இவி காட்டும் எண்ணில் 8192 கூடிவிடும், ஏனென்றால் 13ஆம் 14ஆம் பிட்டுகள் தளக்கோல எண்ணுக்கு ஒதுக்கப்பட்டவை. நிலை சரியாக 4 என்றிருந்தால்தான் கண்ட்ரோல் என்று ஒப்பிடும் நிரல்கள் உண்டு. நம் லாக் போட்டாலோ தமிழுக்கு மாறினாலோ அவற்றின் குறுக்குவிசைகள் செத்துப்போகும். ஒரு குறுக்குவிசையை டெஸ்க்டாப் முழுவதற்குமாகப் பிடித்துவைக்க விரும்பும் நிரல், நம் லாக்கும் கேப்ஸ் லாக்கும் இருந்தும் இல்லாமலும் என நான்கு சேர்க்கைகளுக்கும் தனித்தனியே சொல்லிவைக்க வேண்டியிருந்ததும் இதனால்தான்.

ஆனாலும் எக்ஸில் என் சிறு குறியை எழுதுவது எளிது. மாற்றிகளின் நிலை மாறும்போதெல்லாம் சொல்லியனுப்பு என்று எக்ஸ்கேபியிடம் கேட்டால், மூன்று வகை நிலைகளையும் தளக்கோலத்தையும் தனித்தனியாகவே தருகிறது. எந்தச் சாளரம் முன்னால் இருந்தாலும் தருகிறது. அந்தத் தாராளம்தான் எக்ஸின் பெருங்குறையும்கூட. அதே தாராளத்தால், எக்ஸ்இன்புட் என்ற கட்டளையை ஒரு டெர்மினலில் ஓடவிட்டு, இன்னொரு சாளரத்தில் கடவுச்சொல் தட்டினால், ஒவ்வொரு விசையும் முதல் சாளரத்தில் எண்ணெண்ணாக விழுவதைப் பார்க்கலாம்.

ஆல்ட்-டேப்புக்குள் ஒரு கேள்வி

என் எண்ணத்தைத் திருப்பிய இடம் இந்த நெறிமுறைகள் எதிலும் இல்லை. க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப்பின் முகப்பு நிரலான க்னோம் ஷெல்லில் ஆல்ட்டும் டேப்பும் அழுத்தினால் வரும் சாளர மாற்றியின் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் அது இருந்தது.

ஆல்ட்-டேப் என்பது நாம் அன்றாடம் பயன்படுத்தும் குறுக்குவிசைகளில் மிகவும் தனித்தன்மை கொண்டது. மற்றவற்றில் அழுத்தியதுமே காரியம் முடிந்துவிடும். இதில் டேப்பைத் தட்டித் தட்டிச் சாளரத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆல்ட்டை விடும்போதுதான் தேர்வு உறுதியாகிறது. எனவே அந்தச் சாளர மாற்றி முதலில் விசைப்பலகையைத் தன்வசப்படுத்த வேண்டும், பிறகு ஆல்ட் விடப்படும் செய்திக்காகக் காத்திருக்க வேண்டும். வேகமாகத் தட்டுபவர், முந்தைய சாளரத்துக்குப் போக வேண்டும் என்பதற்காக, ஆல்ட்-டேப்பை ஒரே சொடுக்கில் தட்டி விட்டுவிடுவார். இதற்காகவே 150 மில்லிநொடி கடந்த பிறகுதான் அந்தப் பட்டியலைத் திரையில் காட்டுகிறார்கள். அதற்குள் விட்டுவிட்டால் பட்டியல் மின்னிமறைய வேண்டியதில்லை. ஆனால் விரல் அதைவிடவும் வேகமாக இருந்தால்? டேப் அழுத்தப்பட்ட செய்தி ஷெல்லுக்கு வந்து, அது விசைப்பலகையைத் தன்வசப்படுத்தி முடிப்பதற்குள்ளேயே ஆல்ட் விடப்பட்டுவிட்டால், அந்த விடுதல் செய்தி ஷெல்லின் கைக்கு வரவே வராது. சாளர மாற்றி, வராத செய்திக்காகத் திரையில் நின்றுகொண்டே இருக்கும்.

அந்த நிரலை எழுதியவர்கள் இதைத் தெரிந்தே எழுதியிருக்கிறார்கள். விசைப்பலகையைத் தன்வசப்படுத்திய அடுத்த வரிகளில், இங்கே ஒரு பந்தயச் சிக்கல் இருக்கிறது, பயனர் அதற்குள் ஆல்ட்டை விட்டிருந்தால் நமக்குச் சொல்லப்பட்டிருக்காது, ஆகவே இப்போதே சரிபார்க்கிறோம் என்ற பொருளில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதன் கீழே, சுட்டி எங்கே இருக்கிறது என்று கேட்கும் சாதாரண அழைப்பு. சுட்டியின் இடத்தோடு மாற்றிகளின் தற்போதைய நிலையும் அந்த அழைப்பில் கிடைக்கும். சுட்டியின் இடம் அவர்களுக்குத் தேவையே இல்லை. மாற்றிகளின் நிலையை எடுத்துப் பார்த்து, ஆல்ட் அதில் இல்லையென்றால் உடனே தேர்வை முடித்துவிடுகிறார்கள். மிகச் சிறிய திருத்தம். ஆனால் நிகழ்வுகளைக் கேட்டுக்கொண்டிருக்க முடிவுசெய்த எந்த நிரலும், கேட்கத் தொடங்கும் கணத்தில் ஒருமுறை நிலையையும் கேட்டாக வேண்டும் என்பதை அந்தச் சில வரிகள் எனக்குத் தெளிவாக்கின. செய்திகளை மட்டும் எண்ணும் கணக்கு, தான் பிறப்பதற்கு முன்பு நடந்ததை ஒருபோதும் அறியாது.

இதைப் பார்த்த கண்ணோடு மற்ற இடங்களைத் தேடியபோது, மிகப் பழைய நிரலிலும் இதே அறிவு இருப்பதைக் கண்டேன். கெர்னலுக்குள் இருக்கும் மெய்நிகர் முனையத்தின் (எழுத்து மட்டுமே காட்டும் திரையின்) விசைப்பலகை நிரலில், ஷிஃப்ட் நிலையை மறுபடி கணக்கிடுவதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. ஒரு முனையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதும், விசைகளை அப்படியே எக்ஸ் போன்றவற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த நிலையிலிருந்து திரும்பும்போதும், எண்ணிவைத்ததை நம்பாமல், எந்தெந்த விசைகள் இப்போது உண்மையில் கீழே இருக்கின்றன என்ற பிட் வரைபடத்திலிருந்து மாற்றிகளை அது புதிதாகக் கணக்கிடுகிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 என்று அழுத்தி முனையம் மாறுபவரின் மூன்று அழுத்தல்களும் ஓரிடத்திலும், மூன்று விடுதல்களும் இன்னோரிடத்திலும் நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு எழுதிய நிரல் அது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு தொலைத்திரை நெறிமுறைகளைப் பார்த்தால், அவற்றின் தரம் உடனே தெரிந்துவிடுகிறது. விஎன்சியின் அடிப்படையான ஆர்எஃப்பி நெறிமுறையில் விசைக்கென்று ஒரே வகைச் செய்திதான்: இந்த விசை, அழுத்தப்பட்டது அல்லது விடப்பட்டது. நிலையைச் சொல்லும் செய்தி அடிப்படை நெறிமுறையில் கிடையாது. தொலைக்கணினியில் கண்ட்ரோல் மாட்டிக்கொள்ளாமல் இருப்பது முழுக்க முழுக்கக் காட்டும் நிரலின் ஒழுக்கத்தைப் பொறுத்தது. சாளரம் பின்னுக்குப் போகும்போது, அழுத்தப்பட்டிருந்த விசைகளுக்கெல்லாம் அது பொய்யாக விடுதல் செய்திகளை அனுப்ப வேண்டும். ஆர்டிபி நெறிமுறையிலோ ஒத்திசைவு நிகழ்வு என்றே ஒன்று இருக்கிறது. அது வந்ததும் சர்வர் எல்லா விசைகளும் மேலே இருப்பதாகக் கொள்ள வேண்டும். கேப்ஸ் லாக், நம் லாக் போன்றவற்றின் நிலை அந்த நிகழ்வுக்குள்ளேயே வரும். உண்மையில் அழுத்தப்பட்டிருப்பவை அதைத் தொடர்ந்து புதிய அழுத்தல்களாக அனுப்பப்படும். பிற வகைகளில் ஆர்டிபி எவ்வளவு கனமான நெறிமுறையாக இருந்தாலும், இந்த ஒரு விஷயத்தில் அது விஎன்சியைவிட நன்றாகச் சிந்தித்துச் செய்யப்பட்டது என்றே சொல்வேன்.

எக்ஸ்டூடூல் என்ற தானியக்கக் கருவியின் நிலை இன்னும் சிக்கலானது. குறுக்குவிசையை அழுத்தி ஒரு தொடரைத் தட்டச்சிடச் செய்பவர்கள், அந்தக் குறுக்குவிசையின் மாற்றிகளே தட்டச்சைக் கெடுத்துவிடாதிருக்க, மாற்றிகளை விலக்கும் விருப்பத்தேர்வைக் கொடுப்பார்கள். அது அழுத்தப்பட்டிருக்கும் மாற்றிகளைக் கண்டறிந்து, அவற்றை விட்டதாக எக்ஸ் சர்வரிடம் சொல்லி, வேலை முடிந்ததும் மறுபடி அழுத்தியதாகச் சொல்கிறது. இடையில் பயனர் உண்மையிலேயே விரலை எடுத்துவிட்டால், எவரும் அழுத்தாத ஒரு கண்ட்ரோல் அழுத்தப்பட்டதாகப் பதிவாகி நிற்கும். 

வேலேண்டில் யார் கேட்கலாம்

எக்ஸுக்கு மாற்றாக வந்த வேலேண்டை வடிவமைத்தவர்கள் இந்தப் பாடத்தை நெறிமுறைக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். விசைப்பலகையின் கவனம், அதாவது தட்டுவதைப் பெறும் முறை, ஒரு சாளரத்துக்குள் நுழையும்போது, அந்தச் செய்தியோடு அக்கணத்தில் அழுத்தப்பட்டிருக்கும் விசைகளின் பட்டியலும் போகிறது. அதைத் தொடர்ந்து மாற்றிகளின் நிலை தனிச் செய்தியாகப் போகிறது: அழுத்தியவை, கொக்கியிட்டவை, பூட்டியவை, தளக்கோல எண் என நான்கும் பிரிந்தே. பெறும் நிரல், கணக்கிடும் வேலையை லிப்எக்ஸ்கேபிகாமன் என்ற நூலகத்திடம் விட்டுவிடலாம். அந்த நூலகத்தில் நிலையைப் புதுப்பிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு விசையாகச் சொல்லிப் புதுப்பிப்பது சர்வருக்கு. முழு நிலையையும் அப்படியே வாங்கி வைத்துக்கொள்வது நிரலுக்கு. இரண்டையும் கலந்து பயன்படுத்தாதே என்று அதன் ஆவணமே சொல்கிறது. கணக்கு வைப்பவர் ஒருவரே, அவர் கம்பாசிட்டர், அதாவது வேலேண்டில் எக்ஸ் சர்வரின் இடத்தில் இருந்து சாளரங்களைத் திரையில் சேர்த்துக் காட்டும் நிரல். மற்றவர்கள் நகல் வாங்கிக்கொள்ளலாம். அதற்கும் கீழே, உள்ளீட்டுச் சாதனங்களைக் கையாளும் லிப்இன்புட் நூலகம் ஒரே விசை எத்தனை விசைப்பலகைகளில் அழுத்தப்பட்டிருக்கிறது என்றுகூட எண்ணிச் சொல்கிறது. மடிக்கணினியின் கண்ட்ரோலை ஒரு கையும் வெளி விசைப்பலகையின் கண்ட்ரோலை இன்னொரு கையும் பிடித்திருந்தால், ஒன்றை விட்டதும் கண்ட்ரோல் போய்விடாது.

ஆனால் இந்த நகல், கவனம் பெற்ற சாளரத்துக்கு மட்டுமே. என் சிறு குறியின் சாளரத்துக்குக் கவனம் ஒருபோதும் வராது, வரவும் கூடாது. ஆகவே வேலேண்டில் அதற்கு எதுவுமே தெரியாது. கடவுச்சொல்லை ஒட்டுக்கேட்க முடியாது என்ற பெரிய நன்மையோடு சேர்ந்து வந்த இழப்பு இது. அந்த நன்மையை விட்டுக்கொடு என்று நான் கேட்க மாட்டேன். எனினும் மாற்றிகளின் நிலையும் தட்டப்படும் எழுத்துகளும் ஒரே அளவு இரகசியம் உள்ளவையா என்று கேட்பதில் தவறில்லை. கேப்ஸ் லாக் போட்டிருக்கிறது என்பதை விசைப்பலகையின் விளக்கே அறையில் இருக்கும் எல்லோருக்கும் காட்டுகிறது. அந்த விளக்கை ஏற்றுவது விசைப்பலகை அல்ல, கம்பாசிட்டர்தான். கெர்னலின் சிஸ் கோப்பு மரத்தில் லெட்ஸ் என்ற அடைவுக்குள் அதன் ஒளி 0 அல்லது 1 என்று எழுதப்பட்டிருக்கிறது, எந்த நிரலும் எந்த அனுமதியும் இல்லாமல் அதைப் படிக்கலாம். ஷிஃப்ட் அழுத்தப்படும் கணங்கள் கொஞ்சம் வேறு. கடவுச்சொல்லில் பெரிய எழுத்து எங்கே வருகிறது என்று அதிலிருந்து ஊகிக்க முடியும். எனவே பூட்டியதையும் கொக்கியிட்டதையும் தாராளமாகக் காட்டலாம், அழுத்தியதைப் பயனர் அனுமதித்த நிரலுக்குக் காட்டலாம் என்பதே என் நிலைப்பாடு.

இந்த இடைவெளியை மக்கள் தாமே நிரப்பிக்கொள்ளும் விதம்தான் கவலை தருகிறது. வேபார் என்ற மேற்பட்டையில் கேப்ஸ் லாக், நம் லாக் நிலையைக் காட்டும் ஒரு பகுதி உண்டு. அது விசைப்பலகையின் சாதனக் கோப்பையே நேராகத் திறந்து படிக்கிறது. அதற்குப் பயனர் இன்புட் என்ற குழுவில் சேர வேண்டும். சேர்ந்துவிட்டால், வேபார் மட்டுமா, அந்தப் பயனரின் பெயரில் ஓடும் எந்த நிரலும் எல்லா விசைகளையும் எல்லா நேரமும் படிக்கலாம். ஒரு சிறு விளக்கைப் பார்ப்பதற்காக, எக்ஸில் இருந்த அதே ஓட்டையைத் தன் கையால் திறந்துவைக்கிறார். நெறிமுறை வழி கொடுக்காத இடத்தில் பயனர் சுவரை இடிப்பார் என்பதை வடிவமைப்பாளர்கள் முன்பே கணக்கில் எடுத்திருக்க வேண்டும்.

என்னைப் போன்றவருக்கு இது வசதி பற்றிய பேச்சு. ஒட்டும் விசைகளைப் பயன்படுத்துபவருக்கு அப்படியல்ல. ஒரே கையால் அல்லது ஒரே விரலால் தட்டச்சிடும் ஒருவர், ஷிஃப்டை ஒருமுறை தட்டினால் அது கொக்கியிட்டு நின்று அடுத்த எழுத்தோடு விலகும். இருமுறை தட்டினால் பூட்டிக்கொள்ளும். எந்த விரலும் எந்த விசையிலும் இல்லாதபோதே மாற்றி செயல்பாட்டில் இருக்கிறது என்பதால், கையின் உணர்வு அவருக்குத் துணைக்கு வராது. திரைதான் சொல்ல வேண்டும். ஷிஃப்டைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் இந்த வசதி தானே இயங்கத் தொடங்கும்படி அமைத்திருக்கும் டெஸ்க்டாப்பில், அறியாமல் அதற்குள் போய் விழுந்தவர்களுக்கும் அதே திண்டாட்டம். திரைபடிப்பானின் கதையும் இதுவே. திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஆர்கா என்ற நிரல் தன் கட்டளைகளுக்கு இன்சர்ட்டையோ கேப்ஸ் லாக்கையோ மாற்றி விசையாக வைத்துக்கொள்கிறது. எந்தச் சாளரம் முன்னால் இருந்தாலும் அந்த விசை தனக்குத் தெரிய வேண்டும். வேலேண்ட் அமர்வில் அதற்கு முறையான வழி, கம்பாசிட்டரிடமே கேட்டுப்பெறும் தனி டிபஸ் (நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வழி) இடைமுகமாக, 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48இல்தான் கிடைத்தது. வேலேண்ட் தொடங்கப்பட்டது 2008இல். இவ்வளவு தாமதத்துக்குப் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பாதுகாப்பாகத் தரும் வழி முதலிலிருந்தே சாத்தியம்தான், அதைச் செய்ய ஆள் ஒதுக்கப்படவில்லை.

க்னோமைப் போன்ற இன்னொரு டெஸ்க்டாப் திட்டமான கேடிஇ இந்த விஷயத்தில் முன்னால் இருக்கிறது. அதன் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவில் விசை நிலையைச் சொல்லும் ஒரு தனி நெறிமுறை நீட்டிப்பை அதன் கம்பாசிட்டரான கேவின் வைத்திருக்கிறது. தொடக்கத்தில் கேப்ஸ் லாக், நம் லாக், ஸ்க்ரோல் லாக் மூன்றை மட்டும் சொன்ன அது, பிந்தைய பதிப்பில் ஷிஃப்ட், கண்ட்ரோல், ஆல்ட், சூப்பர் ஆகியவற்றையும், அவை அழுத்தியவையா கொக்கியிட்டவையா பூட்டியவையா என்பதையும் சொல்கிறது. அதையும் எல்லோருக்கும் திறந்துவிடாமல், தன் டெஸ்க்டாப் கோப்பில் இது எனக்கு வேண்டும் என்று அறிவித்த நிரலுக்கே கொடுக்கிறார்கள். நான் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். பிளாஸ்மாவின் விசைப்பலகைக் காட்டியைப் பட்டையில் போட்டால், வேண்டிய மாற்றிகளைத் தேர்ந்தெடுத்துக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் அது கேவினுக்குள் மட்டுமே புழங்கும் நெறிமுறை. க்னோமில் இதற்கு ஷெல் நீட்சிதான் வழி. ஷெல்லின் உள்ளேயே ஓடுவதால் அதற்கு மாற்றிகளின் நிலையும், கொக்கியிட்டவை பூட்டியவை மாறும்போது வரும் செய்தியும் கிடைக்கின்றன. உள்ளேயே ஓடுவதால்தான், ஆறு மாதத்துக்கொருமுறை வரும் ஒவ்வொரு க்னோம் வெளியீட்டிலும் ஷெல்லின் உள்ளமைப்பு மாறும்போது, நீட்சியை எழுதியவர் அதைச் சரிபார்த்து, புதிய பதிப்பெண்ணைத் தன் கோப்பில் சேர்க்கும்வரை, அந்தக் குறி பட்டையிலிருந்து காணாமல் போயிருக்கும்.